சூடேற்றிய கை

எஜிதியோவை நான் படைத்தது
போரா காற்று ஓடுகளைப் பிடுங்கியெறிந்த ஒரு பிப்ரவரியில்.
ட்ரியெஸ்தே துறைமுகத்துக்குப் பின்தெரு,
நோட்டரி அலுவலகம், மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது.
இருபத்தாறு வருடக் குமாஸ்தா.

சாகக் கிடப்பவர்களின் வீட்டுக்குத்
தோல்பையோடு போவான்.
உயிலின் கடைசிப் பக்கத்தில்
அவர்கள் விரலிடுக்கில் பேனாவைச் செருகி
மேலே தன் கையை வைத்து
மெல்ல ஓட்டுவான்,
பிள்ளைக்கு அரிச்சுவடி பழக்குவதுபோல.
கை கூசாது அவனுக்கு.
வீடுகள் கைமாறும்.
மருமகன்கள் அவன் பையில் உறை வைப்பார்கள்.

அவனுக்கு ஒரு காயம் கொடு, நிவேஸ்,
என்றார் பதிப்பாசிரியர் தர்ச்சீசியோ.
குடிகார அப்பா, செத்துப்போன தங்கை, ஏதாவது.
வாசகன் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி.
கொடுத்துப் பார்த்தேன்.
ஓர் அத்தியாயம் முழுக்கத் தங்கையைச் சாகடித்தேன்.
திரும்பப் படித்தால்
அந்தச் சின்னப் பிணத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு
வக்கீல் மாதிரி சிரிக்கிறான்.
தங்கையை அழித்தேன்.
பூனைக்கு மீன் தலை எடுத்துவைப்பவன் என்று எழுதி
அதையும் அழித்தேன்.
பூனை, வாசகர் பையில் நான் வைக்கும் உறை.

நல்ல அப்பாவே இருக்கட்டும் அவனுக்கு.
ஞாயிறுதோறும் கடலோரம், வறுத்த மத்தி.
ஒரு குறையுமில்லாமல் வளர்ந்தவன்
ஏன் இப்படி என்பது
எனக்கும் தெரியாமலே இருக்கட்டும்.

ஆனால் ஒன்று தானாக வந்தது.
நூற்று நாற்பதாம் பக்கம்.
கிழவி ஒருத்தியின் கை ஐஸாகக் கிடக்க
பேனாவைக் கீழே வைத்துவிட்டு
தன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே
அவள் விரல்களைப் பொத்தி
சூடேறும்வரை ஊதினான்.
நான் சொல்லித் தரவில்லை.

தர்ச்சீசியோ ஓரத்தில் பென்சிலால் கேட்டிருந்தார்:
அன்பா?
இல்லை, விறைத்த விரல் கோணலாக எழுதும் என்பதாலா?
கேள்விக்குறியில் தாள் கிழிந்திருந்தது.
தெரியாது என்று பதில் போட்டேன்.

அவன் முடிவை மட்டும் எனக்கென்று வைத்துக்கொண்டேன்.
மாடிப்படி, ஈரம், சறுக்கல்.
ஊரார் கையெழுத்தைத் திருடியவன் தலையெழுத்து
என்னிடம்தானே இருக்கிறது என்ற தெம்பு.

ஏப்ரலில் லீவியோவுக்கு மூச்சு குறைந்தது.
பதினோரு வருடம் முன்பு
என்னைவிட்டோ நான் விட்டோ போன கணவன்.
சான் ஜாக்கோமோ வீடு இன்னும் இருவர் பெயரில்.
யாரும் என்னை ஏவவில்லை.
தாளை நானேதான் எடுத்துப் போனேன்.
ஆஸ்பத்திரி ஜன்னலில் துறைமுகக் கிரேன்கள்
அசையாமல் நின்றன.
எங்கே, என்றான்.
இங்கே, என்றேன்.
முழு நினைவோடுதான் இருந்தான்,
அதைச் சொல்லியாக வேண்டும்.
யாரிடம் சொல்கிறேன் என்றுதான் தெரியவில்லை.

கை சில்லிட்டிருந்தது.
பேனாவைக் கீழே வைத்தேன்.
என் உள்ளங்கைக்குள் அவன் விரல்கள்.
ஊதினேன்.

உன் மூச்சில் காபி வாசம், என்றான் கண்ணை மூடி,
எப்போதோ போய்விட்ட ஒரு காலையிடம் பேசுவதுபோல.
எனக்கு அழுகை வந்தது. நிஜமாகவே வந்தது.
அது வந்துகொண்டிருக்கும்போதே
உள்ளே ஒரு குமாஸ்தா
குறித்துக்கொண்டான்:
காபி வாசம். பக்கம் நூற்று நாற்பதில் சேர்க்க.

கையெழுத்து நேராக விழுந்தது.

இரவு, கடைசி அத்தியாயத்தைத் திறந்தேன்.
படிக்கட்டின் அடியில் கிடந்தான்.
மண்டையில் ரத்தம், சுற்றிலும் நல்ல வாக்கியங்கள்.
மூன்று பக்கத்தையும் வெட்டினேன்.

எழுந்து கோட்டைத் தட்டிக்கொண்டான்.
நன்றி சொல்லவில்லை.
பையை எடுத்துக்கொண்டு
அடுத்த வீட்டு மணியை அடிக்கப் போனான்,
போகும்போதே
கைகளைத் தேய்த்துச் சூடேற்றியபடி.